புள்ளி தெரியாத திரை

கற்பூரம் காட்டி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பொருளை அப்பாசாமியின் வீட்டில் யாரும் குறை சொல்லக் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்பட்டதும் இல்லை. புதிதாக எது வந்தாலும், அது குக்கரானாலும் கட்டிலானாலும், அதன் நெற்றி என்று தோன்றும் இடத்தில் அவர் மனைவி பொன்னி குங்குமம் வைப்பாள். அப்பாசாமி தட்டில் கற்பூரம் ஏற்றிப் பொருளுக்குக் காட்டி, வாசலுக்கு வந்து எதிரே தெரியும் மலைக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு உள்ளே திரும்புவார். பிறகு ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை நீட்டி, "எப்படி இருக்குது?" என்பார். சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லா இருக்குது" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடையாது. எது நன்றாக இருக்கிறது என்று யாரும் குறிப்பிடுவதில்லை. அதனால்தான் அதைச் சொல்வது அத்தனை எளிதாக இருந்தது.

அந்த வீட்டு பீரோ தானாகத் திறந்துகொள்ளும். மடித்த காலண்டர் அட்டை ஒன்று அதன் கதவிடுக்கில் நிரந்தரமாகச் செருகப்பட்டிருக்கும். கிரைண்டர் ஓடும்போது மெல்ல நகர்ந்து போகும். பொன்னி ஒரு காலை அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே மாவைத் தள்ளிவிடுவாள். இவற்றைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், ஒரே ஒரு தடவை, புது மிக்ஸியைப் பார்த்துப் பொன்னி, "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதே" என்று சொல்லிவிட்டாள். அப்பாசாமி கோபித்துக்கொள்ளவில்லை. மிக்ஸியைத் துடைத்து, அது வந்த பெட்டிக்குள்ளேயே வைத்து, பரண்மேல் ஏற்றிவிட்டார். தீபாவளி வரைக்கும் அம்மியில்தான் சட்னி. அரசுப் பேருந்தில் நடத்துநராக நாள் முழுக்க நின்றே சம்பாதித்த மனிதர் அவர். தான் கொண்டுவந்த பொருளைக் குறை சொன்னால், நின்ற கால்களையே குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

இந்த விதியின் பாதுகாப்பில்தான் மகன் மாறன் அந்தத் தொலைக்காட்சியை வாங்க வைத்தான்.

தேவை அவனுடையது அல்ல, அக்காவுடையது. ஓவியா வீட்டிலிருந்தபடியே முருகவேலின் அச்சகத்துக்குப் பத்திரிகை, பேனர், அன்னதான அறிவிப்பு எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பவள். பௌர்ணமி நெருங்கினால் கிரிவலப் பாதை முழுக்கத் தொங்கும் துணிகளில் பாதி அவள் கையால் ஆனவை. "ஓவியா பார்த்துட்டா அப்புறம் புரூஃப் எதுக்கு?" என்று முருகவேல் எல்லோரிடமும் சொல்லுவார். அவளுடைய பழைய கணினித் திரை ஒரு பக்கம் கறுத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் முழுவதுமாக அணைந்துபோயிற்று. வீட்டுத் தொலைக்காட்சியும் அதற்கு முன்பே கோடு விழுந்து கிடந்தது. ஓய்வுக்குப் பின் வந்த தொகையில் கடைசியாக ஏதாவது பெரிதாக வாங்கிவிட வேண்டும் என்று காத்திருந்த அப்பாசாமி, "ஒரே டிவியா வாங்கிடலாம். பகல்ல அவ வேலை பாக்கட்டும், சாயந்திரம் நாம பாக்கலாம், நீ உன் விளையாட்ட ஆடிக்க" என்றார். எதை வாங்குவது என்கிற முடிவு மாறனிடம் வந்து சேர்ந்தது. செங்கம் சாலையில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்பவன், மீதிப் பொழுதெல்லாம் வீடியோ கேம் கன்சோலில் கால்பந்து ஆடுபவன். வீட்டில் திரைகளைப் பற்றி அறிந்தவன் என்ற பெயர் அவனுக்குத்தான்.

கடைக்குக் கிளம்பும்போது ஓவியா ஒரு பென் டிரைவைக் கொடுத்தாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"இதுல ஒரு காதுகுத்துப் பத்திரிகை இருக்குது. போட்டுப் பாரு. சின்ன எழுத்து தெளிவா தெரியணும். மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல."

தேரடித் தெருவில் பாசிலின் தாய்மாமா நடத்தும் கடை. பாசில் அங்கேதான் விற்பனையைப் பார்த்துக்கொண்டான். பள்ளியிலிருந்தே மாறனுக்குக் கூட்டாளி. இணையத்தில் ஆடும் கால்பந்தில் இருவரும் ஒரே அணி. அப்பாசாமியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு தொலைக்காட்சிகளை அவன் மாறனுக்குக் காட்டினான்.

பெரியதில் கார்ப் பந்தயம் ஒன்றை ஓடவிட்டபோது மாறன் தன்னை மறந்தான். வளைவுகளில் சாலை நடுங்கவில்லை. விரல் அழுத்தியதும் கார் திரும்பியது. இரண்டுக்கும் நடுவில் காத்திருப்பே இல்லை. சிறியதில் அதே கார் தனக்குப் பின்னால் புகைபோல ஒரு வாலை இழுத்துக்கொண்டு ஓடியது.

பிறகு பென் டிரைவ். கரு நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள், அத்தை மாமன் பெயர்கள் வரிசையாக. சிறிய திரையில் ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் புள்ளி கடுகுபோல் உட்கார்ந்திருந்தது. பெரிய திரையில் எழுத்துகள், ஈரத் துணியில் பட்ட குங்குமம்போல, ஓரம் கசிந்து கிடந்தன. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். புள்ளி இல்லாத இடத்திலும் அதே மங்கல்.

பாசில் குரலைத் தாழ்த்தினான். "வேகமா ஓடணும்னு கலரைப் பாதி முழுங்கிடுது மச்சான். சினிமாவுல தெரியாது, கிரிக்கெட்டுல தெரியாது. கலர் எழுத்துன்னு வந்தா மாட்டிக்குது. அக்காவுக்கு இது ஆவாது."

"செட்டிங்ஸ்ல சரி பண்ண முடியாதா?"

"பார்த்துட்டேன். இந்த மாடல்ல அதுக்கு வழியே இல்ல. ரெண்டுக்கும் தோதா வேற ஒண்ணு இருக்குது. சொல்லி வச்சா பௌர்ணமி கழிச்சு வந்துரும்."

பௌர்ணமிக்கு முன்பே, வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய அணிக்கு ஒரு போட்டி இருந்தது. மாறன் அதைச் சொல்லவில்லை. பாசிலுக்கும் அது தெரியும்.

தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாசாமி எழுந்து வந்தார். பெரிய திரையில் அப்போது ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று, தானே நனைந்ததுபோலச் சிரித்தார். "ஓவியாவுக்குச் சரியா வருமாடா?"

"வரும்பா."

பாசில் ஒரு துணியை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாத இடத்தில் திரையைத் துடைத்தான்.

பிற்பாடு மாறன் அந்தச் சொல்லைப் பல தடவை எடுத்துப் பார்த்தான். "வரும்" என்பது எதிர்காலம். அது பொய்யாக இருக்க இன்னும் நேரம் இருந்தது. அக்கா எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வாள், எல்லோருமா சிவப்பில் அடிக்கிறார்கள், பழகினால் சரியாகிவிடும். இப்படியெல்லாம் அவன் அன்று யோசித்ததாகப் பின்னால் நம்ப விரும்பினான். உண்மையில் அந்தக் கணத்தில் அவன் எதையும் யோசிக்கவில்லை. கார் திரும்பியதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் பொன்னி அந்தப் பெரிய கறுப்புச் சட்டத்தின் நெற்றியைத் தேடி, மேல் விளிம்பின் நடுவில் குங்குமம் வைத்தாள். அப்பாசாமி தட்டை நீட்டினார். "நல்லா இருக்குது" என்றாள் பொன்னி. "நல்லா இருக்குதுப்பா" என்றாள் ஓவியா, சுவர் அளவு விரிந்த தன் வேலைத் திரையை வியந்து பார்த்தபடி. மாறனும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அணி தோற்றுப்போயிற்று.

அடுத்து வந்த நாட்களில் அவன் அக்காவின் நாற்காலியைக் கவனித்தான். முதலில் அது சுவரிலிருந்து பின்னால் நகர்ந்தது. பிறகு முன்னால் வந்தது. பிறகு சாய்வாக ஒரு பக்கம் திரும்பியது. மேசையில் ஒரு கண் சொட்டு மருந்துக் குப்பி முளைத்தது. வேலைக்கு நடுவே உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்களின்மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருப்பாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்ல அந்த வீட்டில் வழியும் இல்லை. மாலையில் அவள் எழுந்துகொண்டதும் அதே நாற்காலியில் அவன் உட்காருவான். மைதானத்தின் புல் இழை இழையாகத் தெரியும். அவள் உட்கார்ந்து போன சூடு நாற்காலியில் இருக்கும்போது மட்டும் பந்தை உதைக்க அவனுக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. சூடு ஆறியதும் தயக்கமும் போய்விடும்.

பள்ளிகளில் ஆண்டு விழாக்கள் நடக்கும் காலம். ஒரு காலை, அப்பாசாமி கூடத்தில் தேநீர் குடித்தபடி கைப்பேசியைப் பார்த்துத் தனக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"டேய் மாறா, இங்க வாயேன். வேடியப்பன் இன்னா அனுப்பிக்கிறான் பாரு. அம்மாவுக்குக் காட்டிடாத."

வேடியப்பன் அவருடைய பேருந்தில் ஓட்டுநராக இருந்தவர், ஊர் கீழ்பென்னாத்தூர். அவர் அனுப்பிய படத்தில் கடைவீதிக்கு நடுவே ஒரு பேனர் தொங்கியது. நீலத் துணி. ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வருவோரை வரவேற்று ஊர்ப் பெரியவர்களின் புகைப்படங்கள். அடியில், சிவப்பில், முழ உயரத்துக்கு: "இவண், கலவி வளர்ச்சிக் குழு."

"கல்விக்குப் புள்ளி வெக்காம வுட்டுட்டான்டா! இந்தக் குழுவுல சேர வயசு வரம்பு ஏதாவது இருக்குதான்னு கேக்கறான் வேடியப்பன்!" அப்பாசாமிக்குச் சிரிப்பு இருமலாக மாறியது. "எவன்டா இத அடிச்சவன்? பள்ளிக்கூடம் பக்கமே போகாதவனா?"

மாறன் படத்தைப் பெரிதாக்கி, வலது கீழ் மூலைக்கு நகர்த்தினான். பேனர்களில் அச்சகத்தின் பெயர் அங்கேதான் இருக்கும். இருந்தது. முருகவேல் அச்சகம்.

உள்ளே ஓவியாவின் கைப்பேசி அடித்தது.

"சொல்லுங்கண்ணா... எந்த பேனர்ணா?... இல்லீங்கண்ணா... பாத்தேங்கண்ணா. நல்லா பாத்தேன். ரெண்டு வாட்டி பாத்தேன்."

பிறகு எதிர்முனையில் பேசுகிற சத்தம் மட்டும் கூடம் வரை வந்துகொண்டிருந்தது. குழுத் தலைவருக்கு அச்சுக்கு முன்பே மாதிரி போயிருந்தது. அவர் அதைக் கைப்பேசியில் பார்த்து, தன் புகைப்படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னதோடு சரி. அந்த வரி திரையில் எறும்பளவு. துணியில் ஏறிய பிறகுதான் அது முழ உயரம். ஆனால் இந்த நியாயங்கள் எதையும் ஓவியா சொல்லவில்லை. "என் தப்புதாங்கண்ணா" என்றாள். அப்பாசாமி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீரை மீதி வைத்தார்.

"கண்ண ஒரு தரம் காட்டிட்டு வாம்மா" என்றார் மதியம், சுவரைப் பார்த்துக்கொண்டு. மாறன்தான் அவளை ஸ்கூட்டரில் கூட்டிப்போனான்.

திரும்பும்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நெரிசல். வண்டிகள் நின்றுவிட்டன. பின்னாலிருந்து ஓவியா பேசினாள்.

"கண்ணுல ஒண்ணுமே இல்லையாம்டா. கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

"நல்லதுதானே?"

"எப்படி நல்லது? கண்ணா இருந்தா கண்ணாடி போட்டுக்கலாம். கண்ணு இல்லன்னா நான்தானே? அந்தச் சொல்ல நான் பாத்தேன்டா. புள்ளி இருந்த மாதிரிதான் இருந்துச்சு. இல்லாதது எனக்கு இருக்கிற மாதிரி தெரியுதுன்னா, எனக்கு என்னமோ ஆவுது. இப்பல்லாம் பேரு அடிக்கவே பயமா இருக்குது. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ள பேர மாத்தி வச்சிடுவேனோன்னு."

அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முகம் பார்க்காமலே சொல்லிவிடக்கூடிய இடம் அது. முன்னால் நின்ற ஷேர் ஆட்டோ நகர்ந்தது.

"அலுப்பா இருந்திருப்பே" என்றான்.

வீட்டில் ஓவியா வேறு மாதிரி சொன்னாள். "கண்ணு கொஞ்சம் வீக்காம்பா." கவனம் கெட்டவள் என்று அப்பா நினைப்பதைவிடக் கண் கெட்டவள் என்று நினைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. பொன்னி மறுநாளே கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் வாங்கிவந்தாள். முருகவேல் பேனரைத் தன் செலவில் மாற்றிக் கொடுத்தார். அடுத்த பௌர்ணமி வேலைகளை இப்போதைக்குக் கீதாஞ்சலி என்ற வேறொரு பெண்ணிடம் கொடுப்பதாக, ரொம்பவும் மரியாதையான குரலில், தொலைபேசியில் சொன்னார். அந்த மரியாதைதான் ஓவியாவை உடைத்தது. அவர் எப்போதும் அவளை வாடி போடி என்று பேசுகிறவர்.

கீரைக் கூட்டை மாறன் வட்டிலின் ஓரத்துக்கு ஒதுக்கினான். வட்டிலில் இருந்தது அவனுக்காகச் சமைத்த பொய் என்று தோன்றியது.

கன்சோலை அதன் பையோடு தூக்கிக்கொண்டு பாசிலிடம் போனான். "இத எடுத்துக்க. ஒரு மானிட்டர் குடு. எழுத்து சுத்தமா தெரியணும்."

பாசில் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். "அக்காகிட்ட சொன்னியா?"

"என்னத்த?"

"என்னத்தன்னா கேக்கற? ஊரே அந்த பேனரப் பாத்துச் சிரிச்சுக்கினு இருக்குது. எனக்கே நாலு பேரு அனுப்பிட்டாங்க. நீலம், சிவப்பு. பாத்ததும் எனக்குப் புரிஞ்சிருச்சு. உனக்குப் புரியலையா?"

"அதான் மானிட்டர் கேக்கறேனே."

"வாயால முடிக்க வேண்டியத பொட்டிய வச்சு முடிக்கப் பாக்கற." பாசில் ஏணியில் ஏறி ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினான். "எங்கிட்டயும் தப்பு இருக்குது. அன்னிக்கு உங்கப்பா காதுல விழற மாதிரி சொல்லியிருக்கணும். நண்பனாச்சேன்னு வாயை மூடிக்கினேன். போ. சுத்தமா தெரியும், கவலப்படாத. எறும்புக்குக் கண்ணு இருக்கறதே தெரியும்."

மறுநாள் நண்பகலில் பெட்டி வீட்டுக்கு வந்தது. அப்பாசாமி ஓய்வூதிய விஷயமாக வெளியே போயிருந்தார். "உன் கண்ணுக்கு அவ்ளோ பெரிய திரை ஆவாதுக்கா, அதான்" என்றான் மாறன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. செய்த தப்புக்கு ஈடாக எதைக் கொண்டுவந்தானோ, அதைக்கொண்டே அவள் கண்ணைத் தானும் குறை சொல்லிவிட்டிருந்தான். பொன்னி அவன் தலையைத் தடவி, "இந்த மாதிரி தம்பி யாருக்குக் கிடைப்பான்" என்றாள். "கேம் பொட்டி எங்கடா?" "சலிச்சிப் போச்சும்மா."

கற்பூரம் காட்டாத பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. ஓவியா அதை மேசையில் வைத்து இணைத்தாள். மாறன் அடுப்படியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது அவள் இரண்டு திரைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கேபிளைப் பிடுங்கித் தொலைக்காட்சியில் செருகினாள். பார்த்தாள். மறுபடி பிடுங்கி மானிட்டரில் செருகினாள். திரையில் அந்தப் பேனர்.

"மாறா, இங்க வா. இதுல தெரியுது பாரு. கலவி. பச்சையா தெரியுது. அங்க போட்டா..." தொலைக்காட்சிப் பக்கம் கைகாட்டினாள். "கல்விக்கும் கலவிக்கும் வித்தியாசமே இல்ல." சிரிக்கப் போனவள்போல் உதடு விரிந்து, அப்படியே நின்றது. "எனக்கு ஒண்ணும் ஆகலைடா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நான் குடுத்த பென் டிரைவ போட்டுப் பாத்தியா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. அதற்குள் பதிலையும் தானே சொல்லிவிட்டாள். "பாத்திருக்க மாட்டே. சுத்தி அத்தன டிவி ஓடும்போது எவன் புள்ளியப் பாப்பான்? விடு. அப்பாகிட்ட மூச்சு விட்றாத. ஆசையா வாங்கினது. கண்ணு வீக்குன்னே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?"

"முருகவேல் அண்ணன்கிட்டயாவது..."

"அவருகிட்ட சொன்னா அப்பா காதுக்கு வராதா? இந்த ஊர்ல?"

மிக்ஸி பெட்டிக்குள் போனது அவளுக்கும் நினைவிருந்தது. அவள் அறிந்துதான் மன்னித்தாளா, அறியாமல் மன்னித்தாளா என்று மாறனால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் அவன் தப்பித்துக்கொள்ள இடமிருந்தது. அந்த இடத்தில்தான் அவனுக்கு மூச்சு முட்டியது.

மாலையில் முருகவேல் வந்தார். பழைய அன்னதான பேனர்களின் கோப்புகளைக் கீதாஞ்சலிக்கு வாங்கிப்போக வந்திருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஓவியா ஒவ்வொரு கோப்பாகப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பல வருடங்களின் வேலை. ஒரு பச்சைக் கோடு மெல்ல நிறைந்துகொண்டு வந்தது.

அப்பாசாமி குளித்து, நெற்றியில் திருநீறோடு கூடத்துக்கு வந்தார். புதுப் பொருள் வந்திருக்கும் செய்தி அவரை உற்சாகப்படுத்தியிருந்தது. பொன்னி மானிட்டருக்குக் குங்குமம் வைத்தாள். அவர் கற்பூரம் ஏற்றிக் காட்டி, வாசலில் நின்று மலைக்கும் காட்டிவிட்டு வந்தார்.

"பொண்ணுக்குப் பார்வை கொஞ்சம் கம்மி, முருகவேலு. அன்னிக்கு உங்களுக்குக் கெட்ட பேரு வந்ததுக்கு அதான் காரணம். பெரிய டிவி முதல்தரமான டிவிதான், ஆனா அவ கண்ணுக்கு ஒத்துக்கலை. தம்பிக்காரன் பாரு, தன் விளையாட்டையே குடுத்துட்டு அக்காவுக்கு வாங்கியாந்துக்கிறான்." முருகவேல் தலையாட்டினார். "நல்ல பையன்" என்றார், பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே.

தட்டு பொன்னியிடம் நீண்டது. "எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது."

ஓவியாவிடம். அவள் சுடரைத் தொட்டு, நலமான தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருக்குதுப்பா."

தட்டு மாறனிடம் வந்தது. அவன் கை நீட்டவில்லை. மேசைக்குப் போய், கேபிளை மானிட்டரிலிருந்து பிடுங்கித் தொலைக்காட்சியில் செருகினான். கோப்புகளுக்கு நடுவிலிருந்து கீழ்பென்னாத்தூர் பேனரைத் திறந்தான். பழைய பிழையையும் திருத்தியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தான். சுவர் முழுக்க நீலம் பரவியது.

"அண்ணே, வந்து பாருங்க. இந்த ரெண்டுல எதுல புள்ளி இருக்குது?"

முருகவேல் தயங்கி எழுந்தார். பேனரின் அடிவரியைத் தொலைவிலிருந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். "ரெண்டுலயும் என்னமோ இருக்கிற மாதிரிதான் இருக்குது... மேல் வரியில இருக்குதோ?"

"மேல் வரிதான் தப்பானது." மாறன் கேபிளை மானிட்டருக்கு மாற்றினான். முருகவேல் குனிந்தார். அவர் நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. நிமிர்ந்ததும் அவர் பார்த்தது ஓவியாவை. "அடிப்பாவி, சொல்லக் கூடாதாடி?" என்றார். அந்த "டி" கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

ஓவியா தம்பியைப் பார்த்து, வேண்டாம் என்பதாகத் தலையை அசைத்தாள்.

"மாறா, கற்பூரம் எரியுது பாரு" என்றாள் பொன்னி அவசரமாக. "தொட்டுக் கும்பிடு."

அப்பாசாமி தட்டைப் பிடித்தபடியே நின்றார். அவர் பார்வை ஒரு முறை பரணுக்குப் போய்த் திரும்பியது. மகன் பின்வாங்குவதற்கு இன்னொரு வாய்ப்புத் தருவதுபோல, மிக மெல்லக் கேட்டார். "எப்படிடா இருக்குது?"

"அக்கா கண்ணு நல்லா இருக்குதுப்பா" என்றான் மாறன். "இந்த டிவிதான் நல்லா இல்ல. கடையிலயே பாத்தேன். தெரிஞ்சேதான் வாங்க வச்சேன்."